மோதிர விரலுக்கு ஏகாரம் வராது

1993 கோடையில் பாரிஸிலிருந்து வந்த சித்தப்பா, அப்பாவுக்கு ஒரு கேசியோ டிஜிட்டல் டைரி கொண்டுவந்தார். சித்தி புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கல்யாணம் ஆன கையோடு சித்தப்பாவும் அங்கே போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், வரும்போது இப்படி எதையாவது எடுத்துவருவார்.

கறுப்பு நிறம், சட்டைப்பைக்குள் போகும் அளவு, புத்தகம் மாதிரித் திறக்க வேண்டும். ஒரு பக்கம் சாம்பல் நிறத் திரை, மறுபக்கம் குட்டிக் குட்டிப் பொத்தான்கள். மேலே 32 கே.பி. என்று பொறித்திருந்தது. கே.பி. என்றால் என்ன என்று கேட்டேன். "நிறைய" என்றார் சித்தப்பா. டெலிபோன் நம்பர், குறிப்பு, அன்றாட வேலை, காலண்டர், கணக்கு, உலக நாடுகளின் நேரம் எல்லாம் அதற்குள் இருந்தன. பாரிஸில் இப்போது மணி என்ன என்று பார்ப்பதற்காகவே அம்மா அதை அடிக்கடி வாங்கிக்கொள்வார்.

அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். 14 மெஷின். காலை 6 மணி பேட்ச்சுக்கே பெஞ்சு நிறைந்துவிடும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே என்று ஆறு மாதம் அடித்தவர்களை லோயர் பரீட்சைக்கு அனுப்புவார், இன்னும் ஆறு மாதம் அடித்தால் ஹையர். நிமிஷத்துக்கு 45 வார்த்தை அடிக்க ஆட்களைத் தயார்செய்து அனுப்பிய மனிதர் அந்த டைரியைத் திறந்து பார்த்தார். அதில் எழுத்துகள் ஏ பி சி டி என்று பள்ளிக்கூட வரிசையில் இருந்தன.

"டைப் தெரிஞ்சவனை அவமானப்படுத்துறதுக்குன்னே செஞ்சிருக்கான்" என்றார். ஆனால் அன்றைக்கு ராத்திரியே ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, தெருவில் உள்ளவர்கள் நம்பரை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கிவிட்டார்.

சண்டை வந்தது ஏழுமலையால். எங்கள் பக்கத்தில் ஏழுமலை இல்லாத தெரு கிடையாது. அப்பா அந்தப் பெயரை ஆங்கில ஒய் எழுத்தில் தொடங்குவார், நான் ஈ எழுத்தில். ழகரத்துக்கு அவர் எல் போடுவார், நான் இசட்-எச். அவர் போட்டது எனக்கு அகப்படாது, நான் போட்டது அவருக்கு. ஒரே ஏழுமலை இரண்டு இடத்தில் குடியிருந்தார். கடைசியில் பாலுக்கு ஒருவர், பேப்பருக்கு ஒருவர், கொத்தனார் ஒருவர் என்று தொழிலை வைத்து ஆங்கிலத்திலேயே பதிந்துகொண்டோம். இருபத்தாறு எழுத்துக்குள் நம் பெயர்களை நுழைத்தால் இப்படித்தான் பிதுங்கும் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த டைரியைக் கொன்றது நான். பட்டன் செல்கள் போட்டு ஓடும் சாதனம் அது. அவற்றில் ஒன்று காப்புக்கு. மற்றவற்றை மாற்றும்போது காப்பு செல் உள்ளே இருக்க வேண்டும், இருந்தால்தான் நினைவு நிற்கும். ஈரம் பட்டுவிட்டதே என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றி நன்றாகத் துடைத்துப் போட்டேன். திறந்தால், வாங்கிய அன்று இருந்ததுபோலப் பளிச்சென்று காலி. அப்பா திட்டவில்லை. மேசை டிராயரிலிருந்து ஒரு 40 பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். எல்லா நம்பரையும் அதிலும் எழுதி வைத்திருந்தார், தமிழில், அகர வரிசையில்.

அந்த மாதிரிக் கையடக்க டைரிகளுக்கு அப்போது பத்து வயதுதான் என்பது பின்னால் தெரிந்தது. 1984-இல் இங்கிலாந்தில் சயான் என்ற கம்பெனி ஆர்கனைசர் என்று ஒன்று விட்டது. ஒரே ஒரு வரித் திரை, அதில் 16 எழுத்து. விசைகள் அதிலும் ஏ பி சி டி வரிசைதான். எழுதியதைச் சேமிக்கச் சின்னச் சின்னப் பெட்டிகளைச் செருக வேண்டும். அதில் ஏறியதை அழித்து மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டுமென்றால் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சில்லின்மேல் புற ஊதா வெளிச்சம் படவைக்க வேண்டும். என்னைப் போன்ற ஆள் துடைத்து அழிக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன்மேல் மரியாதை.

இந்த டைரிகள் எல்லாவற்றிலும் ஒரே சிக்கல். பெட்டியைச் சின்னதாக்கலாம், விரலைச் சின்னதாக்க முடியாது. 26 எழுத்து, 10 எண், மற்றும் சில்லறைக் குறிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்தால் அவை அரிசி அளவுக்கு வந்துவிடும். இதற்கு வேறு வழி ஒன்றை ஒரு சினிமா டைரக்டர் கண்டுபிடித்திருந்தார் என்பதைத்தான் நான் 18 வருஷம் கழித்து, ஒரு கை கட்டோடு, படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கட்டு 'தானே' என்ற புயல் போட்டது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ராத்திரி முழுக்க ஓடு பறக்கும் சத்தம். விடிந்ததும் கொல்லையில் முருங்கை படுத்துக் கிடந்தது, தென்னையில் பாதி இல்லை. பெரிய வீராங்கனை மாதிரி அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஈர மட்டையில் கால் வைத்தேன். இடது மணிக்கட்டு.

அப்போது நான் வீட்டிலிருந்தே டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்குப் பக்கம் அமைக்கும் வேலை, செய்துகொண்டிருந்தேன். தை பிறக்கப் போகிறது, கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவியும் நேரம். பல நாள் கரண்ட் இல்லாததால் முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. கரண்ட் வந்த அன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நான் அடிப்பது தமிழ்99. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு. இடது கை மாவுக்கட்டில் தொங்குகிறது. ஆக என்னிடம் மெய் இருந்தது, உயிர் இல்லை.

வலது கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டவிட்டு ஒரு பத்திரிகைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். ராத்திரியில் கை வலியோடு, ஒரு கையால் டைப் அடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்படித்தான் சை எண்ட்ஃபீல்டு கிடைத்தார். அமெரிக்கர். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் ஹாலிவுட்டில் வேலை கிடைக்காமல் இங்கிலாந்துக்குப் போய்ப் படம் எடுத்தவர். சீட்டு வித்தையில் கெட்டிக்காரர், வித்தைக்காரர்களே மதித்த கை. அவரும் கிறிஸ் ரெய்னி என்பவரும் சேர்ந்து செய்ததுதான் மைக்ரோரைட்டர், 1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. வலது கை படியும் அளவுக்கு ஒரு பெட்டி, அதில் மொத்தமே ஆறு விசை. விரலுக்கு ஒன்று, கட்டைவிரலுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. வீணையில் ஒரே நேரத்தில் இரண்டு தந்தியை மீட்டுவதுபோல இரண்டு மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு எழுத்து. எந்தச் சேர்க்கை எந்த எழுத்து என்பதை அந்தந்த ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்தே மனசில் நிற்கும்படி அமைத்திருந்தார்கள். 1989-இல் அதையே அஜெண்டா என்று ஒரு கையடக்க டைரியாகவும் கொண்டுவந்தார்கள். சீட்டைக் கையில் மறைத்துப் பழகியவருக்குத்தான் பார்க்காமல் விரல் வேலைசெய்யும் என்ற நம்பிக்கை வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அவருக்கும் முன்னோடி உண்டு. மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட், 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றரை மணி நேரம் தன் கம்ப்யூட்டரை இயக்கிக் காட்டினார். வலது கையில் மவுஸ் இருந்தது எல்லாருக்கும் தெரியும். இடது கையில் ஐந்து விசை உள்ள ஒரு பலகை இருந்தது. பியானோவிலிருந்து ஐந்து கட்டையை அறுத்து எடுத்த மாதிரி. ஒரு கை சுட்டிக் காட்ட, மறு கை எழுத, நடுவில் பெரிய விசைப்பலகைக்குப் போகவே தேவையில்லை என்பது அவர் எண்ணம். உலகம் மவுஸை எடுத்துக்கொண்டு அந்தப் பலகையை அவரிடமே விட்டுவிட்டது.

இன்னும் பின்னால் போனால் 1870-களில் எமில் போதோ என்ற பிரெஞ்சுக்காரர். தந்தி அடிக்க ஐந்து விசை வைத்தார், இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. மோடம் காலத்தில் வேகத்தைச் சொல்லப் பயன்பட்ட 'பாட்' என்ற சொல் இவர் பெயரிலிருந்து வந்ததுதான். சித்தியிடம் சொன்னேன், "எங்க ஆளு" என்றார்.

இப்படி விசைகளைச் சேர்த்து அழுத்தும் முறை படித்தால்தான் வரும், அதனால்தான் தோற்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது சிரிப்பாக இருக்கிறது. ஏ எஸ் டி எஃப் மட்டும் தாய்ப்பாலோடு வந்ததா? மாதா மாதம் ஃபீஸ் கட்டி, சுண்டு விரல் வலிக்க வலிக்கத்தான் ஊரே கற்றுக்கொண்டது. ஹையர் பாஸ் செய்தால் வேலை என்ற நிச்சயம் இருந்தது, அதனால் கற்றுக்கொண்டார்கள். ஐந்து விசையைக் கற்றுக்கொண்டால் யார் வேலை தருவார்கள்?

சரி, நான் சொல்ல வந்தது இது இல்லை.

ஐந்து விசை. ஒவ்வொன்றும் அழுத்தலாம், விடலாம். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. எதையுமே அழுத்தாத நிலையைத் தள்ளிவிட்டால் 31. ஆங்கிலத்துக்கு 26 போக ஐந்து மிஞ்சும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. மாவுக்கட்டின்மேல் பேனாவால் 31 என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயிர் 12. மெய் 18. ஆய்தம் 1.

கூட்டிப் பாருங்கள்.

அன்று தூங்கவில்லை. ஒரு விரல் மட்டும் அழுத்தும் வகை ஐந்து. குறில் எத்தனை? அ, இ, உ, எ, ஒ. ஐந்து! கட்டைவிரலுக்கு அ, ஆள்காட்டிக்கு இ, நடுவிரலுக்கு உ, மோதிர விரலுக்கு எ, சுண்டு விரலுக்கு ஒ. நான்கு விரல் அழுத்தும் வகையும் ஐந்துதான், ஏனென்றால் நான்கை அழுத்துவது என்பது ஒன்றைத் தூக்குவது. ஆகவே குறிலுக்கு எந்த விரலோ அதை மட்டும் தூக்கி மற்ற நான்கையும் அழுத்தினால் அதன் நெடில். கட்டைவிரல் அழுத்தினால் அ, கட்டைவிரலைத் தூக்கினால் ஆ.

மிச்சம் இரண்டு விரல் வகை பத்து, மூன்று விரல் வகை பத்து. இரண்டை அழுத்தினால் மூன்று மிஞ்சும், அதனால் இவை தாமாகவே பத்து ஜோடியாக நிற்கின்றன. வல்லினத்துக்கும் மெல்லினத்துக்கும் ஜோடி சேர்த்து ஆறாம் வகுப்பில் ஒப்பித்தது நினைவிருக்கிறதா? க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. ஆறு ஜோடி. வல்லினம் இரண்டு விரல், அதன் இனமான மெல்லினம் மீதி மூன்று விரல். நான்கு ஜோடி பாக்கி. இடையினத்தில் ல-ள ஒன்று, ர-ழ ஒன்று, உடம்படுமெய்யாக வரும் ய-வ ஒன்று. கடைசி ஜோடி, இணைக் குறில் இல்லாமல் நிற்கும் ஐ-யும் ஔ-வும். முடிந்தது. எதுவும் மிஞ்சவில்லை, எதுவும் குறையவில்லை.

ஐந்து விரலும் சேர்ந்து அழுத்தினால் ஆய்தம். அதற்கு மட்டும் ஜோடி கிடையாது. எதிர்ப்பக்கம் வெறும் தூக்கிய கை. இலக்கணத்தில் ஆய்தத்துக்குத் தனிநிலை என்று ஒரு பெயர் இருப்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது, விடியற்காலை மூன்றரை மணிக்கு. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "கை வலிக்குதா?" என்றார்.

இது தொல்காப்பியர் காலத்திலேயே இருந்தது என்றெல்லாம் நான் கிளம்பப் போவதில்லை. இரண்டின் ஐந்தாம் அடுக்கும் நம் நெடுங்கணக்கும் தற்செயலாக ஒரு இடத்தில் சந்தித்துக்கொண்டன. தற்செயல் என்பதால் அழகு குறைந்துவிடாது.

மேசைமேல் விரலைத் தட்டிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. தமிழில் மெல்லினம் தன் இன வல்லினத்தைத்தான் பெரும்பாலும் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறது. பந்து, சங்கு, பஞ்சு, வண்டி, பாம்பு, கன்று. கட்டைவிரலும் ஆள்காட்டியும் த் என்று வைத்தால் மற்ற மூன்றும் ந். 'ந்த்' என்று அடிக்கும்போது கை சுண்டு விரல் பக்கம் சாய்ந்து உடனே கட்டைவிரல் பக்கம் சாய்கிறது. ஏற்றம் இறைக்கிற மாதிரி. தப்பாகவே அடிக்க முடியாது.

மாவுக்கட்டு ஆறு வாரத்தில் பிரிந்தது. இரண்டு கையும் வந்த பிறகு எனக்கு எதற்கு ஒற்றைக் கை? அந்த அட்டவணை பத்திரிகை மாதிரிகள் ஒட்டிவைத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பல வருஷம் கிடந்தது.

போன வருஷம் அண்ணன் மகன் அதைப் பார்த்தான். புதுச்சேரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். "அத்தை, இதை நான் செஞ்சு தரட்டுமா?" என்றான். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய கீபோர்டு ஒன்றைப் பேரம் பேசி வாங்கி, அதிலிருந்து ஆறு விசையை மட்டும் பிடுங்கினான். ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்னப் பலகையில் இணைத்தான். அந்தப் பலகை கம்ப்யூட்டரிடம் தன்னை ஒரு சாதாரண விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ளும். நான் அழுத்தும் சேர்க்கையை அது தமிழ்99 விசைகளாக மாற்றி அனுப்பும், கம்ப்யூட்டர் வழக்கம்போலத் தமிழாக்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் அடைத்தான். ஆறாவது விசை கட்டைவிரலுக்குப் பக்கத்தில், மைக்ரோரைட்டர் போலவே. தனியாக அழுத்தினால் இடைவெளி, மற்றதோடு சேர்த்தால் ஜ, ஷ, ஸ, ஹ, எண்கள்.

முதல் நாள் எல்லாம் உளறல். ஐந்து விரலும் ஒரே கணத்தில் இறங்குவதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ந் அழுத்தப் போனால் சுண்டு விரல் முந்திக்கொண்டு ஒகரம் விழும். விரல் இறங்கும்போது கணக்கெடுக்காதே, தூக்கும்போது கணக்கெடு என்று அவன் புரோகிராமை மாற்றினான். அதன் பிறகு சரியாகிவிட்டது. நான்கு மாதத்தில் நிமிஷத்துக்கு 12 வார்த்தை வந்தது. அப்பாவின் லோயர் பேட்ச்சில் இரண்டாவது மாதப் பிள்ளைகள் என்னைத் தோற்கடிப்பார்கள். ஆனால் நான் திண்ணையில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து, கண்ணைத் தெருவில் வைத்துக்கொண்டு அடிக்கிறேன். பார்வையில்லாதவர்கள் ஆறு விசை பிரெய்ல் எழுதியில் இதைத்தான் எத்தனையோ வருஷமாகச் செய்கிறார்கள். 2020 முதல் ஆண்ட்ராய்டு போன் திரையிலேயே அந்த ஆறு புள்ளியையும் விரலால் அழுத்தி எழுத முடிகிறது. நமக்குத்தான் இது வித்தையாகத் தெரிகிறது.

ஒரே ஒரு இடத்தில் என் அட்டவணை உதைத்தது. ஏகாரம். மோதிர விரலை மட்டும் தூக்கி மற்ற நான்கையும் அழுத்த வேண்டும். இப்போதே மேசைமேல் கையை வைத்துச் செய்து பாருங்கள். அந்த விரலைத் தூக்கும் தசைநாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு பின்னிக் கிடக்கிறதாம், தனியாக எழுந்திருக்காது. நடுவிரலும் கூடவே எழும்பும், அல்லது சுண்டு விரல். 'ஏன்' என்று கேட்க முடியாது, 'மேலே' போக முடியாது, 'தேங்காய்' வாங்க முடியாது. அண்ணன் மகன், "ஔ-வுக்கு வச்சிருக்கிறதை ஏ-வுக்கு மாத்திடலாம் அத்தை, ஔவையாரைத் தவிர யாருக்கு அது வேணும்?" என்றான். வேகத்துக்கு அவன் சொல்வதுதான் சரி. எனக்கு மனசு வரவில்லை. ஒன்றை இடம் மாற்றினால் குறில்-நெடில் கணக்கே குலைந்துவிடும்.

இந்த வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டு அப்பா சாய்வுநாற்காலியில் இருந்தார். வயது 84. இன்ஸ்டிட்யூட்டை மூடி இருபது வருஷமாகிறது. டப்பாவை இந்தப் பக்கம் கொடு என்றார். மடியில் வைத்துக்கொண்டு முதலில் என் உட்காரும் விதத்தைத் திட்டினார். மணிக்கட்டு தொங்குகிறதாம். பிறகு ஐந்து விரலையும் வைத்து, மோதிர விரலை மட்டும், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி, நேராகத் தூக்கினார். மற்ற நான்கையும் அழுத்தி எடுத்தார். திரையில் ஏ. மறுபடி ஏ. ஒரு வரி முழுக்க ஏ.

"எஸ்ஸும் எல்லும் எந்த விரலுக்குன்னு நினைச்சே?" என்றார்.

மறுநாள் காலை டப்பாவுக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. அப்பாவின் கையெழுத்தில் ஏணி, ஏரி, ஏலம், ஏற்றம், மேளம், தேர், வேலி, சேவல் என்று எட்டு வரிசை. ஓரத்தில் சிவப்பு மையில்: தினம் 1 பக்கம். கையைப் பார்க்காமல்.